அடுப்புக்கு ஒரு கரை

அடுப்பங்கரை என்ற சொல்லுக்கு என்னிடம் இருக்கும் மூன்று அகராதிகளும் சமையலறை என்றே பொருள் சொல்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் ‘அடுப்பின் பக்கம்’ என்று கூடுதலாக இரண்டு சொல் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஓர் அறையைக் குறித்ததே இல்லை. அறைக்குப் பெயர் சமையலூடு. அடுப்பங்கரை என்றால் அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் எழுப்பிய மேடு. ஒரு சாண் அகலம், நாலு விரல் உயரம். ஏரிக்கு இருப்பது போல அடுப்புக்கும் ஒரு கரை. பொங்கி வழிவது அதைத் தாண்டாது. இறக்கிய பாத்திரம், உப்புக் கிண்ணம், தீப்பெட்டி, கரண்டி எல்லாம் அதன் மேல்தான் உட்காரும்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். நிலத்துக்கு நான்கு எல்லையும் எழுதாமல் ஒரு பத்திரம் முடியாது. அந்தப் பழக்கத்தில், ஒரு சொல் எதுவரைக்கும் செல்லும் என்பதையும் தனி நோட்டில் குறித்து வருகிறேன். அடுப்பங்கரைக்கு அதில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. ‘கரையில கீது’ என்றால் சாப்பாடு சூடாக இருக்கிறது, யாரோ இன்னும் சாப்பிட வரவில்லை என்று அர்த்தம். ‘கரையத் துடைச்சாச்சு’ என்றால் இனிமேல் யாரும் காபி கேட்டு வரக்கூடாது. ‘கரைக்கு அந்தாண்ட நில்லு’ என்பது குழந்தைகளுக்கு. ஒரு வீட்டில் சாவு விழுந்து சமையல் நின்றுபோனால் ‘கரை ஆறிப்போச்சு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

என் மனைவி நகரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அவள் பிறந்த வீட்டில் தெலுங்கு. அங்கே இதைக் கட்டு என்பார்கள். வயல் வரப்புக்கும் அதே சொல்தான். இரண்டு மொழிக்காரர்களும் அடுப்பைப் பார்த்தபோது தண்ணீரையும் மண்ணையும் நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. அவளிடம் சொன்னபோது, “இத்த எழுதறதுக்கு ஒரு நோட்டு, அந்த நோட்டத் தூசி தட்டறதுக்கு நான்” என்றாள்.

அவள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. அடுப்பு புகுந்த வீட்டுடையது, கரை வந்தவளுடையது. மருமகளாக வருகிறவள் முதன்முதலில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் பழைய கரையைக் கழித்துவிட்டுத் தன் கையாலேயே புதிதாக மண் குழைத்து வைக்க வேண்டும். அவள் சாண், அவள் விரல். அது காயும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. பிறகு எப்போதாவது அதை உடைக்க நேர்ந்தால் வைத்தவளே முதல் அடி அடிக்க வேண்டும். திருமணமாகி வந்த மூன்றாம் நாள் அவள் அப்படித்தான் எங்கள் விறகடுப்புக்குக் கரை வைத்தாள். என் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “எம் மாமியார் எனக்கு இந்த வேலையக் குடுக்கவே இல்ல” என்று மட்டும் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பின்னால் கேஸ் வந்தது. நின்றுகொண்டு சமைக்க இடுப்பளவுக்குச் செங்கல் மேடை கட்டினோம். அடுப்பு இரும்பாக மாறிவிட்டதே, கரை எதற்கு என்று கொத்தனார் கேட்டார். அவள் பழைய மண்கரையின் மேல் கடப்பாரையால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேடை ஈரமாக இருக்கும்போதே சிமெண்டை அள்ளி இரண்டாவது கரையை வைத்தாள். கேஸ் குழாய் போகப் பின்பக்கம் ஒரு வழி விட்டாள். அதையும் நோட்டில் எழுதினேன். முதல் அடி யார் அடித்தது என்பதுகூட அதில் இருக்கிறது.

இப்போது அவளுக்கு அறுபத்தாறு வயது. ஆறு வருடங்களாகக் கண்ணில் அழுத்தம். அது வலிக்காது, சிவக்காது, இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் மறைத்துக்கொண்டு வரும். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரே பார்த்தால் ஒரு சாவித் துவாரம் அளவுக்குத் தெரிகிறது. தெருவில் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். மார்க்கெட்டில் தக்காளியை நான் பொறுக்க, அவள் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் சமையலூட்டுக்குள் போய்விட்டால் அவளுக்கு யாரும் வேண்டாம். இடது கை கரை மேலேயே இருக்கும். அது எங்கே முடிகிறதோ அங்கே அடுப்பு. வலது பக்கம் உப்பு, அடுத்து புளி, அடுத்து தீப்பெட்டி. பார்க்காமல் எடுப்பாள். நான் உள்ளே வந்து எதையாவது நகர்த்திவிட்டால் மட்டும் குரல் உயரும். “யாரு கரையில கை வெச்சது?” வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

சித்திரையில் எங்கள் மகன் வந்திருந்தான். சென்னையில் வேலை, அம்பத்தூரில் வீடு. அம்மா சமைப்பதை அரைமணி நேரம் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனான்.

“நைனா, இது வெளயாட்டு இல்ல. கேஸு. மேடை பூரா விரிசலு, கரப்பான் பூச்சி ஓடுது. ஒண்ணு நல்லதா கட்டிக் குடு, இல்ல ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்க.”

“அவ வர மாட்டா.”

“அப்ப கட்டு. அதுக்கப்புறமும் முடியலன்னா நான் கேக்க மாட்டேன், கூட்டிகினு போயிடுவேன்.”

அவன் பயந்து சொன்னான் என்பது முகத்தில் தெரிந்தது. வைகாசியில் அவளுக்குச் சென்னையில் கண்ணுக்கு லேசர் வைக்க நாள் குறித்தார்கள். வைத்த பிறகு பத்து நாள் மகன் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளில் மேடையை மாற்றிவிடலாம், தூசியும் அவளுக்குப் போகாது, வந்ததும் புதிதாகப் பார்ப்பாள் என்று நான்தான் முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்ததால் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உடைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அளந்தேன். கரையின் நீளம், அகலம், உயரம், எந்தப் பொருள் எந்த ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒரு முழுத்தாளில் படம் போட்டேன். நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுத்தேன். ஒரு பொருளை இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டால் அது எங்கும் போய்விடாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அரக்கோணத்திலிருந்து வந்த டைல்ஸ் வேலைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், ஒரே காலையில் எல்லாவற்றையும் உடைத்து மூட்டை கட்டிக் கொல்லையில் கொட்டினார். பத்தாம் நாள் கறுப்புக் கிரானைட்டு மேடை பளபளவென்று இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

அவள் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலூட்டுக்குப் போனாள். நான் பின்னால் நின்றேன். இடது கை வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கை இன்னும் கொஞ்சம் போயிற்று. கல்லைத் தடவினாள். சுவர் வரைக்கும் தடவினாள்.

“வழுக்குது” என்றாள். பிறகு, “இது எங்கங்க முடியுது?”

“நல்லா அகலமா போட்டிருக்கு. டப்பா எல்லாம் மேல அலமாரியில. பேரு பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன்.”

“எங்க முடியுதுன்னு கேட்டா அகலம் சொல்றீங்க.”

மறுநாளும் அதற்கு மறுநாளும் சமைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் பாலை இறக்கி வைத்தாள். கறுப்புக் கல்லும் கறுப்பு அடுப்பும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. பாத்திரத்தின் பாதி விளிம்புக்கு வெளியே. நான் கூடத்திலிருந்து ஓடினபோது பால் அவள் வலது பாதத்தின் மேல் கொட்டிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றினேன். பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் சமையலூட்டை விட்டு வெளியே வந்தவள் மறுபடி உள்ளே போகவில்லை.

நான் சமைத்தேன். நான் வைத்த ரசம் எப்படி இருக்கும் என்று தெருவில் நாலு பேருக்குத் தெரியும். இதற்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நான் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, “முத்திரத்தாள ஊற வெச்ச தண்ணியா இது?” என்று கேட்டிருக்கிறாள். இப்போது உப்பே போடாத ரசத்தை ஊற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உப்பில்லை என்று நான் சாப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அன்று வந்த பயம் பால் கொட்டியபோதுகூட வரவில்லை.

மகன் போன் செய்தான். நான் ஸ்பீக்கரில் போட்டேன். “ஆடிக் கிருத்திகைக்கு வருவேன் இல்ல, திரும்பும்போது அம்மாவையும் உன்னையும் கூட்டிகினு போயிடறேன் நைனா. ரூமு ஒழிச்சு வெச்சிட்டேன்.”

அவள் கொல்லைப் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள். “ரூம ஒழிச்சியே, வேலைய ஒழிச்சி வெச்சியா? அங்க நான் இன்னா பண்றது, டிவிக்கு எதிர்ல பொம்மையாட்டம் உக்காந்துகினு இருக்கறதா?”

“ரெஸ்ட் எடும்மா.”

“எடுத்துகினுதான் கீறேன். ஒன்பது நாளா.”

அவளும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் எண்ணுவது என் வேலை.

அன்று சாயங்காலம் பழைய நோட்டை எடுத்து, கரை வைத்த பக்கங்களைப் படித்தேன். ‘வைத்தவளே முதல் அடி அடிக்க வேண்டும்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். எழுதி வைத்ததால் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை என்று விட்டிருக்கிறேன் போல. கொல்லைக்குப் போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“ஒன்ன கேக்காம ஒடச்சது தப்பு.”

“ஆங்” என்றாள். “தப்புதான்.”

அதோடு விட்டாள். நான் இன்னும் ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கீரைத்தண்டை என் மடியில் போட்டு, “சும்மா உக்காந்துகினு இருக்கீங்களே, இத்த நறுக்குங்க” என்றாள்.

மறுநாளே பாயைக் கூப்பிட்டேன். என் முழுத்தாளை மேடை மேல் விரித்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

“சார், எத்தினியோ ஊட்டுக்கு மேடை போட்டுகிறேன். கிரானைட்டு மேல வரப்பு கட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான். இன்னா நடப் போறீங்க, நெல்லா கரும்பா?”

“அளவு மாறாம கட்டுங்க பாய்.”

கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, செங்கல் துண்டு பதித்து, என் தாளில் இருந்தபடியே ஒரு நூல் பிசகாமல் கட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். விளிம்புகள் கத்தி போல நின்றன. அடுத்த நாள் காலை பாய் வந்ததும் நான் டேப்பால் அளந்து சரிபார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். தொட்டதும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தெரிந்தது.

“இது கட்டடம். கரை இல்ல” என்றாள்.

“பழசோட அதே அளவும்மா. சார் பேப்பரு கூட வெச்சிகினு கீறாரு” என்றார் பாய்.

அவள் இடது கையை அதன் மேல் வைத்துக் காட்டினாள். “பழசுல இந்த எடத்துல கொஞ்சம் சரிஞ்சிருக்கும். இங்க மணிக்கட்டு வெச்சா விரலு தானா அடுப்புத் திருகு மேல போவும். அந்தக் கோடியில ரெண்டு விரலு பள்ளம். அங்க வந்தா அடுப்பு முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம். இதுல கோணலே இல்ல. என் கை எங்க போய் உக்காரும்?”

நான் தாளைப் பார்த்தேன். நீளம், அகலம், உயரம் இருந்தன. சரிவும் பள்ளமும் இல்லை. போனில் எடுத்த படங்களிலும் அவை தெரியவில்லை. இத்தனை வருடங்களில் அந்தக் கரையின் மேல் நான் ஒருமுறைகூடக் கை வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

“பாய், சுத்தி குடு” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சுத்தியலை வாங்கி, தடவிப் பார்த்து, இடது மூலையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நேற்று வைத்த சிமெண்டு, பொருக்காக உதிர்ந்தது. “மிச்சத்த நீ ஒடச்சிடு. கலவை மட்டும் கொழச்சிக் குடு, போதும்.”

“ஏம்மா, என் பொழப்புல மண்ண போடறியே” என்று சொல்லிக்கொண்டே அவர் உடைத்தார். ஆனால் கலவையை அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டார். “எண்ணெ தடவிக்கம்மா. சிமெண்டு கையத் தின்னுடும். எங்க ஊட்ல கூட இப்டித்தான் சொல்லுவேன்.” தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நான் எடுத்து வந்தேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். முழங்கை வரை நானே தடவிவிட்டேன். பாய் வெளியே போய் மணல் சலிக்க ஆரம்பித்தார். சலிக்க வேண்டிய மணல் எதுவும் அங்கே மீதியில்லை.

அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. குத்துமதிப்பாக ஒரு கைப்பிடி அள்ளி வைப்பாள், விரல்களை மடக்கி உயரம் பார்ப்பாள், சாணை விரித்து அகலம் பார்ப்பாள். நடுவில் அடுப்பைத் தூக்கி வைக்கச் சொன்னாள். திருகைத் தொட்டாள், மணிக்கட்டை ஈரத்திலேயே அழுத்தினாள். மறுபடி அடுப்பை எடுக்கச் சொன்னாள். மூன்று முறை எடுத்து வைத்தோம். “கோணலா வருது, அப்படித்தான வேணும்?” என்று பாய் கேட்டார். “இப்பத்தான் நீ கத்துக்கினே” என்றாள்.

ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் காயவிட்டோம். அந்த ஏழு நாளும் ஹோட்டல் சாப்பாடு. எட்டாம் நாள் காலையில் நான் எழுந்தபோது தாளிக்கும் வாசனை வந்தது. போய் வாசற்படியில் நின்றேன்.

“வெளிச்சத்த மறைக்காதீங்க” என்றாள். அவளுக்கு அந்த வெளிச்சத்தால் பெரிய பயன் இல்லை. நான் நகர்ந்துகொண்டேன்.

கிருத்திகைக்கு முந்தைய நாள் மகன் வந்தான். அவள் பிறந்த ஊரிலிருந்து மலைக்கோயிலுக்குக் காவடியோடு பதினோரு பேர் வந்து கூடத்தில் படுத்திருந்தார்கள். அவன் பெட்டியை வைத்துவிட்டு நேராகச் சமையலூட்டுக்குப் போய், பளபளப்பான கறுப்புக் கல்லின் மேல் கோணல்மாணலாகக் கிடந்த சாம்பல் நிற மேட்டைப் பார்த்தான்.

“இன்னாம்மா இது, அவ்வளவு செலவு பண்ணி கட்டினது, இது மேல…”

“நீ பேசிகினே இரு. நான் வடை போட்டுகினே இருக்கேன்.”

ஒரு ஈடு எடுத்தாள், அடுத்த ஈடு போட்டாள். அவன் போனில் யாருக்கோ பதில் அனுப்பிவிட்டு, யோசனையில்லாமல் அதைக் கரை மேல் வைத்தான். அவள் உப்புக்குக் கை நீட்டினாள். விரல் போனில் பட்டது. வாணலியை விட்டுக் கண்ணை எடுக்காமல், இரண்டு விரலால் அதைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள்.

“இதுக்கு இங்க எடம் இல்ல.”

அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு அவள் கரண்டி வைக்கும் இடத்தையும், தீப்பெட்டி இருக்கும் இடத்தையும், அவள் மணிக்கட்டு உட்காரும் சரிவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் சொல்ல நினைத்த எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் எல்லாம் ஊருக்குத் திரும்பிய நாள், அவனை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டேன். “ரூமு அப்படியே இருக்கட்டும் நைனா. இப்போதைக்கு வேணாம்” என்றான். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து ஒரு நிபந்தனை போட்டான். அடுப்பு எரியும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். கூடவே நிற்கக் கூடாது, ஆனால் இருக்க வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். கண் இன்னும் குறையும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு எங்களைவிட முன்னாலேயே தெரியும்.

ஆகவே இப்போது தினமும் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, சமையலூட்டை ஒட்டிய அறையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறேன். காது முழுக்க அந்தப் பக்கம். மூடி விழும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், திருகின் சத்தம். எது எதற்குப் பிறகு வரும் என்று பாடமாகிவிட்டது. ஒன்று தாமதமானால் மூச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேற்றும் அப்படி இருந்தேன். குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அசையும் சத்தமே இல்லை. எழுந்திருக்கலாமா என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னாங்க, ரொம்ப நேரமா ஒரே பக்கத்த படிச்சிகினு இருக்கீங்க? திருப்பற சத்தமே காணோம்.”

நான் பக்கத்தைத் திருப்பினேன்.